அடையாள அட்டையில் இல்லாத முகம்: திருகோணமலை வீதிகளில் முதியவர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது

ஸ்டூடியோவில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. வீட்டில் ஒரு பெரியவர் மோசம் போய்விட்டால், மகனோ பேரனோ அவருடைய தேசிய அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். "இதைப் பெருப்பிச்சுத் தாங்கோ அண்ணை, செத்த வீட்டில வைக்க வேற படம் இல்லை." எழுபது எண்பது வருஷம் சிரித்து, ஏசி, வெற்றிலை போட்டு, பேரப்பிள்ளைகளைத் தூக்கித் திரிந்த மனிதருக்கு மிஞ்சியது, யாரோ "நேராப் பாருங்கோ" என்று சொன்னதும் விறைத்துப்போன ஒரு முகம். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். அந்த வேலை இல்லாத காலைகளிலும் பின்னேரங்களிலும் ஊருக்குள் நடந்து முதியவர்களை எடுக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் அந்த அட்டைகள்தான்.

தங்கள் பாட்டில் இருக்கும்போது அவர்களுக்கு இருக்கிற முகம் வேண்டும். அதற்காக ஒளிந்து நின்று எடுக்கத் தேவையில்லை. தெரிந்தவராகப் போய் உட்காருங்கள், அவர் உங்களை மறக்கும் வரை இருங்கள், அப்புறம் எடுங்கள். மிச்சமெல்லாம் இதற்குத் துணை.

வெளிச்சம்

நம் ஊரின் மூன்று பக்கமும் தண்ணீர். கிழக்கே டச்சு பே, கோட்டைக்கு அந்தப் பக்கம் திருக்கடலூர்க் கரை, மேற்கே உட்துறைமுகம். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போவது என்பதை இதுவே முடிவு செய்துவிடும்.

காலை ஆறு மணியளவில் சூரியன் கடலுக்குள் இருந்து எழும்பும். அப்போதிருந்து ஏழரை வரை வெயில் சரிவாக வரும். முகத்துக்குப் பக்கவாட்டில் அது விழுந்தால் ஒவ்வொரு சுருக்கமும் தன் நிழலைத் தானே போடும். நெற்றி வரிகள், கன்னத்து மடிப்பு, கழுத்து நரம்பு எல்லாம் வண்ணத்தின் உதவியில்லாமலே தெரியும். சூரியன் முகத்துக்கு நேரே இருந்தால் அவர் கண்ணைச் சுருக்கிக்கொள்வார், முகமும் தட்டையாகிவிடும். ஆகவே வெயில் உங்கள் வலது தோள் பக்கமோ இடது தோள் பக்கமோ வருமாறு நில்லுங்கள். திருக்கடலூரில் விடியற்காலை வள்ளம் கரைக்கு வந்து மீன் இறங்குகிற நேரம் இதற்குப் பொருத்தம். எல்லோரும் வேலையில் இருப்பார்கள், உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

பின்னேரம் டச்சு பே வேறு மாதிரி. சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிடும், மணல் நிழலுக்குள் போய்விடும். ஆனால் கடலுக்கு மேலே வானம் இன்னும் வெளிச்சமாகவே இருக்கும். காற்று வாங்க வருகிற ஐயாமார் கடலைப் பார்த்துத்தான் உட்காருவார்கள் என்பதால் அந்த வானத்தின் வெளிச்சம் கேட்காமலே அவர்கள் முகத்தில் வந்து விழும். கடுமையான நிழல் கிடையாது, கண்ணுக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு மட்டும் மின்னும். ஐந்து மணிக்குப் பிறகு இருட்டும் வரை இந்த வெளிச்சம் கிடைக்கும். நீங்கள் தண்ணீர் ஓரமாக நடந்து, அவருக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் பக்கமாக நின்றால் போதும். அதே நேரத்தில் உட்துறைமுக வீதிக்குப் போனால் சூரியன் தண்ணீருக்கு மேலே உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அங்கே உருவம் மட்டும் கறுப்பாக வரும், முகம் வராது. கைத்தடியோடு குனிந்து நடக்கும் ஒரு உருவம் வேண்டும் என்றால் அங்கே போங்கள்.

மத்தியான வெயில் உச்சியில் நின்று கண்குழி இரண்டையும் இருட்டாக்கிவிடும். அந்த நேரம் கடை விறாந்தைகளைப் பாருங்கள். மத்திய வீதியிலும் பிரதான வீதியிலும் பழைய கடைகளின் முன்னால், கூரை நிழல் முடிகிற கோட்டில் இருந்து ஒரு முழம் உள்ளே ஒருவர் கதிரை போட்டு இருந்தால் அவர் சரியான இடத்தில் இருக்கிறார். வெயில் பட்ட றோட்டில் இருந்து வெளிச்சம் தெறித்து மேல்நோக்கி வந்து கண்குழியை நிரப்பும். பின்னால் கடையின் உட்புறம் இருட்டாகிவிடும். முகத்தைத் தவிர வேறெதுவும் கவனத்தைக் கலைக்காது.

கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற கோட்டை வீதியில் மட்டும் அவதானமாக இருங்கள். மர இலைகளுக்குள்ளால் வெயில் பொட்டுப் பொட்டாக விழும், முகத்தில் வெள்ளைத் தேமல் மாதிரி வரும். மான்களும் நிற்கும். மான் ஒன்று சட்டத்துக்குள் வந்துவிட்டால் பார்க்கிறவர் கண் அதற்குத்தான் போகும், ஆச்சியை யாரும் பார்க்க மாட்டார்கள். மேலே படிக்கட்டில் களைப்பாறுகிறவர்களிடம் போய்விடுங்கள்.

மாரி காலம் பலருக்குப் பிடிக்காது, எனக்கு முகங்கள் எடுக்க அதுதான் விருப்பம். கார்த்திகை மார்கழியில் முகில் மூடிய நாட்களில் நாள் முழுக்க மெல்லிய வெளிச்சம். மழை விட்ட நேரத்தில் நனைந்த றோட்டு கறுப்பாகவும், வேட்டியும் நரைமுடியும் அதற்கு எதிரே வெள்ளையாகவும் நிற்கும்.

கமரா

உங்களிடம் இருக்கிற கமரா போதும். 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று; கமராவுக்குள் படம் பதிகிற சென்சர் சின்னது என்றால் 23 அல்லது 35. நீண்ட சூம் வேண்டாம். தூரத்தில் இருந்து சூம் போட்டு எடுத்த படத்தில் அந்தத் தூரம் தெரியும். இரண்டு மீட்டருக்குள் போக முடியாவிட்டால் படம் எடுக்க இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

35 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 8இல் வைத்து, ஃபோக்கஸை 2.5 மீட்டரில் நிறுத்தி விட்டால், முழு அளவு சென்சரில் ஏறக்குறைய 1.7 மீட்டரில் இருந்து 4.8 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக வரும். கமரா முகத்தைத் தேடித் தடுமாறாது, நீங்களும் கண்ணில் வைத்துக்கொண்டே நிற்கத் தேவையில்லை. ஷட்டர் 1/250 செக்கன், நடக்கிறவர் என்றால் 1/500. வெளிச்சத்துக்கான உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, கமராவே பார்த்துக்கொள்ளட்டும், 3200 வரை விடுங்கள். கறுப்பு வெள்ளையில் அந்த மணல்மணலான தன்மை உறுத்தாது.

வெளிச்ச அளவு விஷயத்தில் நம் தோல் நிறத்தை நினைவில் வைக்க வேண்டும். கமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை மதிலுக்கு முன்னால் ஒருவர் நின்றால் மதிலைப் பார்த்து ஏமாந்து முகத்தைக் கரியாக்கிவிடும்; அப்போது வெளிச்சத் திருத்தத்தில் பிளஸ் 1 கொடுங்கள். இருட்டான கடை வாசலில் என்றால் முகத்தை வெளிறவைக்கும், மைனஸ் 1. வெள்ளைச் சட்டையோ தொப்பியோ போட்டவர் வெயிலில் நின்றால் அந்தத் துணியின் மடிப்பு அழியாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரோ கோப்பாக, அதாவது கமரா திருத்தாமல் சேமிக்கிற மூலக் கோப்பாக எடுங்கள், திரையை மட்டும் மோனோக்ரோமுக்கு மாற்றி விடுங்கள். பார்ப்பது கறுப்பு வெள்ளையில், சேமிப்பது வண்ணத்தில். அந்த வண்ணம் ஏன் தேவை என்பதைக் கீழே சொல்கிறேன்.

கைபேசியால் எடுக்கிறவர்கள் இரண்டு விஷயம் செய்ய வேண்டும். பியூட்டி, போர்ட்ரெய்ட் இரண்டையும் நிறுத்துங்கள். முதலாவது எண்பது வயதுச் சுருக்கத்தைத் தேய்த்து வழித்துவிடும், இரண்டாவது பறக்கிற நரைமுடியைக் கத்தரித்துவிடும். அப்புறம் 2 மடங்கு சூமில் எடுங்கள். சாதாரண அகல லென்ஸோடு கிட்டப் போனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும்.

கிட்டப் போவது

கமராவோடு ஒரு புது ஆள் வந்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பதற்கு முன் யோசிப்பார்கள். யுத்த காலத்தில் பதிவுக்கும் விசாரணைக்கும் படம் கொடுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். யார் எடுக்கிறான், எங்கே கொண்டு போகிறான் என்ற கேள்வி அவர்களுக்குள் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதற்குப் பதில் சொல்லாமல் எடுக்கிற படம் எவ்வளவு அழகாக வந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

தேத்தண்ணிக் கடையில் இருந்து தொடங்குங்கள். ஒரு பிளேன்ரீ சொல்லி, கமராவை மேசையில் எல்லோருக்கும் தெரிய வையுங்கள். பையில் ஒளிக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் கேள்வி வரும்: "தம்பி ஆற்ற மகன்?"

"இன்னாற்ற மகன் அப்பு, மனையாவெளிப் பக்கம்" என்று முழுதாகச் சொல்லுங்கள். அப்பாவின் பெயர், வீதி, தெரிந்த சொந்தக்காரர் ஒருவர். "அட, அவன்ர பொடியனோ?" என்ற இடத்துக்குப் பேச்சு வந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. வெளியூர்க்காரர் என்றால் யார் வீட்டில் நிற்கிறீர்கள், என்ன வேலை என்பதைச் சொல்லுங்கள். தெரியாதவரை ஐயா, அம்மா. பழகிவிட்டால் அப்பு, ஆச்சி. முஸ்லிம் பெரியவர் என்றால் வாப்பா. சிங்களப் பெரியவர்களோடு தெரிந்த இரண்டு வார்த்தைச் சிங்களம் பேசினால் கூட முகம் மலர்ந்துவிடும். "படம் எடுக்கிறனான், நீங்க உங்கட பாட்டில இருங்கோ" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். அப்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் கொலரை இழுத்துவிடுவார். அந்தப் படத்தையும் மரியாதையாக எடுத்து அவருக்குக் காட்டுங்கள். அது அவர் விரும்பிய முகம். பிறகு கமராவைக் கீழே வைத்துவிட்டு ரீயைக் குடியுங்கள். அவர் பத்திரிகைக்கோ பக்கத்து ஆளோடு வாதாடவோ திரும்பிவிடுவார். நீங்கள் காத்திருந்தது அதற்குத்தான்.

ஒன்றும் எடுக்காமல் திரும்புகிற நாள் வரும். போய் வாருங்கள். அடுத்த முறை போகும்போது "எங்க கனநாளாக் காணேல்லை" என்பார்கள், அன்றைக்கு யாரும் கொலரை இழுக்க மாட்டார்கள்.

எந்த நொடி

பத்திரிகை வாசிக்கிறவரைக் கவனியுங்கள். வாசல் ஓரம் இருந்து வீரகேசரியை நெஞ்சளவில் விரித்துப் பிடித்திருப்பார். தாளில் வெயில் விழும்போது அது கீழே இருந்து முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். நாடியின் அடிப்பக்கம், கண்குழி எல்லாம் திறந்துகொள்ளும். நாங்கள் கல்யாண வீட்டில் உதவியாளரை வைத்துத் தெர்மோகோல் பிடித்துச் செய்கிற வேலையை அந்தத் தாள் செய்கிறது. தடித்த கண்ணாடி போட்டிருந்தால் அதில் தாளின் வெள்ளை பட்டுக் கண் மறையும். ஒரு அடி பக்கமாக நகர்ந்தால் பிரதிபலிப்பு விலகும். இன்னும் பொறுத்தால், யாராவது கடைக்குள் வரும்போது கண்ணாடிக்கு மேலால் நிமிர்ந்து பார்ப்பார். புருவம் உயர்ந்து நெற்றி முழுவதும் வரி ஓடும் அந்தப் பார்வைக்குத் தயாராக இருங்கள்.

வெற்றிலை போடுகிற ஆச்சி இன்னும் தாராளமாக நேரம் தருவார். இலையை எடுத்து மடியில் இரண்டு பக்கமும் துடைப்பார். காம்பைக் கிள்ளுவார், பின்பக்க நரம்பை நகத்தால் உரிப்பார். சுண்ணாம்பை விரல்நுனியில் தொட்டு இலையில் ஒரே இழுப்பாக இழுப்பார். பல் இல்லாதவர் என்றால் சின்ன உரலில் போட்டு இடிப்பார். இவ்வளவு நேரமும் கண் கையில்தான் இருக்கும், ஆகவே கைகளை எடுங்கள். ஷட்டரை 1/60க்கு இறக்கினால் இடிக்கிற கை மட்டும் கலங்கி, முகம் அசையாமல் நிற்கும். மடித்து வாயில் ஒதுக்கியதும் ஒரு கன்னம் புடைக்கும். முதல் சாறு இறங்குகிற அந்தச் சில நொடிகள் ஆச்சி எதையும் பார்க்க மாட்டார். கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ போயிருக்கும். அப்போது கிட்ட இருக்கிற கண்ணில் ஃபோக்கஸ் வைத்து எடுங்கள். அடுத்த நொடி அவர் துப்புவதற்குத் திரும்புவார், அதை எடுக்காதீர்கள்.

கைக்கும் முகத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழகுங்கள். திருக்கடலூரில் வாடி நிழலில் வலை பின்னுகிறவரின் கால் பெருவிரல் வலையைக் கொளுவி இழுத்துப் பிடித்திருக்கும். அவரைச் சொல்ல முகமே தேவையில்லை.

எடுக்கக் கூடாதவை

றோட்டோரம் படுத்திருப்பவர், கை ஏந்துபவர், வெறியில் இருப்பவர், சேலை விலகியிருப்பவர், வாயில் சோற்றோடு இருப்பவர், நினைவு தடுமாறிப்போனவர். இவர்களை எடுக்காதீர்கள். எடுப்பதைத் தடுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் இருந்து படம் எடுப்பது பறிப்பதுதான். கன்னியா வெந்நீரூற்றுக்கு இறந்தவர்களுக்குக் கடமை செய்ய வருகிறவர்களும் உண்டு. ஈரத்துணியோடு நிற்கும் அந்தக் குடும்பங்களை விட்டுவிடுங்கள். கோயில் உள்வீதியிலும் மூலஸ்தானத்திலும் வேண்டாம். கோட்டை வாசல், டொக்யார்ட் பக்கம், காவலரண் எங்கும் கமராவை இறக்கிக்கொண்டு நடங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017இல் வடக்கு கிழக்கில் தொடங்கிய தொடர் போராட்டங்களில் வயதான அம்மாமார் பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி வீதியில் இருந்திருக்கிறார்கள். இங்கே தெரியாமல் எடுக்கிற வேலையே கிடையாது. போய்ப் பக்கத்தில் இருந்து, மகனின் பெயரைக் கேட்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, சம்மதித்தால் எடுங்கள். பின்னணி கலங்கிய அழகு இந்த இடத்துக்கு உதவாது. எஃப் 8 அல்லது எஃப் 11 வைத்து, தாயின் முகமும் கையிலுள்ள படத்தின் முகமும் இரண்டும் தெளிவாக வரச் செய்யுங்கள். அந்தப் படத்தின் பிளாஸ்டிக் உறையில் வானம் பளபளத்தால், "கொஞ்சம் கீழ சரிச்சுப் பிடியுங்கோ அம்மா" என்று கேளுங்கள், சரித்துப் பிடிப்பார். அவர் அதைப் பிடித்திருப்பதே எல்லோரும் பார்ப்பதற்கு.

எடுத்ததும் திரையைக் காட்டுங்கள். "வேண்டாம்" என்றால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். முகநூலில் போடுவதற்குத் தனியாகக் கேளுங்கள், அவருக்கு முகநூல் தெரியாவிட்டால் வீட்டில் பிள்ளைகளைக் கேளுங்கள். கனடாவில் இருக்கிற மகன், தன் தாய் சந்தையில் கீரை விற்கிற படத்தை முன்பின் தெரியாத ஒருவரின் பக்கத்தில் திடீரென்று கண்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? அந்தத் தாய்க்கு அதில் வெட்கமே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்.

வண்ணத்தைக் கழற்றுவது

வண்ணத்தில் சேமித்ததன் பலன் இப்போது. படம் திருத்துகிற லைட்ரூம் மென்பொருளில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஏற்றி இறக்குகிற பட்டை ஒன்று வரும். நம் தோலின் வெளிச்சம் பெரும்பாலும் செம்மஞ்சள் பட்டையிலும் சிவப்புப் பட்டையிலும் இருக்கிறது. அவற்றை ஏற்றினால் முகம் வெளுத்து, சுருக்கமும் மங்கும். கொஞ்சம் இறக்கினால் தோல் கனத்து, ஒவ்வொரு வரியும் எழும்பும். ஸ்னாப்சீட் செயலியில் இதையே வடிகட்டி நிறம் என்று தருவார்கள்: சிவப்பு வடிகட்டி முகத்தை வெளுக்கும், பச்சை வடிகட்டி கனக்கச் செய்யும்.

சிவப்பை ஏற்றினால் ஆச்சியின் குங்குமப் பொட்டு நெற்றியோடு கரைந்து காணாமல் போய்விடும். வெற்றிலைச் சிவப்பு ஊறிய உதடும் அப்படியே. ஒரு சுமங்கலியின் நெற்றியில் பொட்டை அழிப்பது சின்ன விஷயம் இல்லை. படத்தைப் பார்த்ததும் அவர் கண் முதலில் அங்கேதான் போகும். ஆகவே சிவப்பை இறக்கி வையுங்கள், பொட்டு கறுப்பாக ஊன்றி நிற்கும். முகம் அதிகம் இருண்டால் செம்மஞ்சளை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். திருநீறு எப்படியும் வெள்ளையாக நிற்கும். ஆனால் மொத்த வெளிச்சத்தைக் கூட்டும்போது மூன்று குறியும் ஒன்றாகி ஒரு வெள்ளைப் பட்டையாகிவிடாமல் பாருங்கள். பச்சைச் சேலையும் சிவப்புக் கரையும் ஒரே சாம்பலாக வந்துவிட்டால் பச்சைப் பட்டையை ஏற்றிப் பிரித்துவிடலாம்.

கிளாரிட்டி என்ற பட்டையை இழுத்து முகத்தைக் காய்ந்த மரப்பட்டை ஆக்குகிறவர்கள் பலர். அந்த மாதிரிப் படங்களில் வயதுதான் இருக்கிறது, ஆள் இல்லை. அவரைக் கண்டபோது இருந்த தோலை விட அதிகம் கடினமாக்க வேண்டாம். கண்வெள்ளையை வெளுக்க வேண்டாம். கண்புரை படர்ந்த கண் என்றால் அந்த மங்கல் அப்படியே இருக்கட்டும்.

பிரதி

படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். 4க்கு 6 அங்குலம் முதியவர்களின் பார்வைக்குச் சின்னது, 6க்கு 8 எடுங்கள். வண்ணத் தாளில் கறுப்பு வெள்ளை அடிக்கும்போது பச்சையோ ஊதாவோ ஏறிவிடும். ஸ்டூடியோவில் ஒரு சோதனைப் பிரதி எடுக்கச் சொல்லி, வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மெஷினில் தானாகத் திருத்துகிற வசதியை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இறக்கிய இருட்டையெல்லாம் அது திரும்ப ஏற்றிவிடும். மேட் தாள் நல்லது. விளக்கு வெளிச்சத்தில் பளபளக்காது.

பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், இடம், திகதி மூன்றையும் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறலாம். சட்டம் போட்டுக் கொடுப்பதென்றால் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மட்டை விளிம்பு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். நம் ஊரின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் படம் கண்ணாடியோடு ஒட்டிவிடும், பிறகு பிரித்தால் முகம் உரிந்து வரும். கோப்பின் ஒரு பிரதியைப் பேரப்பிள்ளையின் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். சுருக்கிய கோப்பாக இல்லாமல், முழு அளவில்.